பொதுக் குழாய்த் தேத்தண்ணி

எண்பதுகளில் ஒரு மதியம், மலேசியாவில், கிள்ளான் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தோழிகள்.

"எனக்கு மாஸ்டர்ஸ் வாங்கிக் கொடுத்ததே தேத்தண்ணிதான்டி."

"சமூக மேம்பாடு படிச்சியே, அதுவா?"

"ஆமாலா. ரப்பர் தோட்டத்துல ஒரு வருஷம் சேவை செஞ்சுக்கிட்டே ஆய்வு எழுதணும். தொழிலாளிங்க இருக்கிற லயத்துல வீடு வீடா போய் 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டேன். 'ஒண்ணும் வேணாம் டீச்சர், மொதல்ல தேத்தண்ணி குடிங்க'ன்னாங்க. எல்லா வீட்டுலயும்! என்ன ருசிங்கிறே! நானும் அப்படியே எழுதிட்டேன், தேவை எதுவுமில்லைன்னு."

தோழி சிரித்தாள்.

"போன வாரம் போயிருந்தேன். பத்து வருஷமாகியும் லயம் முழுசுக்கும் அதே ஒத்தக் குழாய், தண்ணிக்கு அதே வரிசை. அப்ப மொத வீட்டுல தேத்தண்ணி கொடுத்த ராக்கம்மாக்கா என்னைப் பார்த்ததும் வரிசையில நின்னு தண்ணி புடிச்சு, தேத்தண்ணி போட்டாங்க."

"அப்புறம்?"

"வேற என்ன வேணும் டீச்சர்னு கேட்டாங்க. ஒண்ணும் வேணாம்னேன்."