மூன்று தீவுகளும் ஒரே கப்பலில்

மூன்று தீவுகளுக்கும் ஒரே பயணத்தில் போகிற சுற்றுலாக் கப்பலைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை சார். நான் நாலு மாதம் தேடினேன். மாலத்தீவில் மாலே, செஷல்ஸில் விக்டோரியா, மொரிஷியஸில் போர்ட் லூயிஸ். சென்னையில் ஏறினால் இலங்கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மொரிஷியஸில் கிளம்பும் கப்பல்கள் செஷல்ஸ் வரை போகும், மாலே பக்கம் எட்டிப் பார்க்காது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. பருவம் மாறும்போது ஒரு கடலில் ஓடிய கப்பலை இன்னொரு கடலுக்குக் கொண்டுபோவார்கள். காலியாகப் போக வேண்டாமே என்று ஆட்களை ஏற்றிக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவைதான். நவம்பரில் மும்பையில் கிளம்பி மாலே, விக்டோரியா, போர்ட் லூயிஸ். நான் எழுதி வைத்திருந்த அதே வரிசை. மெயின் பஜாரில் ஒரு கடையில் அதை அச்செடுத்து வந்து என் மனைவி பெரியநாயகியிடம் கொடுத்தேன். அவள் மூன்று பெயர்களையும் விரல் வைத்துப் படித்தாள்.

அவளுக்காக ஒன்றும் செய்யாதவன் என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எங்கள் மகன் பிரவின்குமாரைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். முதல் பதினான்கு வருடம் கான்ட்ராக்ட், அப்புறம்தான் பெர்மனென்ட். கரி எடுப்பதற்கு முன்னால் அதன் மேலே இருக்கிற மண்ணை எடுக்க வேண்டும். அந்த மண் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் வரும். ஏற்கெனவே கரி எடுத்து முடித்த பள்ளத்தில் அதைக் கொட்டுகிற பெரிய இயந்திரத்துக்கு ஸ்ப்ரெடர் என்று பெயர். கடைசி பத்து வருடம் நான் அதன் ஆபரேட்டர். நாங்கள் கொட்டிய மண்ணை மறுபடி யாரும் தோண்டுவதில்லை. மேலே மரக்கன்று நட்டுவிடுவார்கள்.

பிரவினையும் அங்கேயே பெல்ட் பிரிவில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டிருந்தேன். அதற்கு நான் யார் யார் வீட்டு வாசலில் நின்றேன் என்பதை இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பொறுமையாக இருந்தால் என்னைப் போல அவனும் ஒருநாள் பெர்மனென்ட் ஆகியிருப்பான். ஆனால் அவன் கடலூரில் கப்பல் வேலைக்கு ஒரு படிப்பு படித்தான். ஷிப்ட் போக மீதி நேரத்தில், எனக்குத் தெரியாமல். அவன் அம்மாவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவன் மும்பைக்குப் போனான், அங்கே சரக்குக் கப்பலில் ஏறினான் என்பதுதான் எங்கள் ப்ளாக்கில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

பதினோராம் நாள் அவன் அம்மாவுக்கு முதல் மெசேஜ் வந்தது. எஞ்சின் ரூமில் வேலை, சாப்பாடு பரவாயில்லை, கப்பலில் பேசுகிற அளவுக்கு நெட் கிடைக்காது, எழுத்து மட்டும்தான் போகும் என்று. அதன்பிறகு வாரம் இரண்டு மெசேஜ். மாலேயிலிருந்து ஒரு படம், விக்டோரியாவிலிருந்து ஒரு மணிக்கூண்டுப் படம், போர்ட் லூயிஸிலிருந்து துறைமுகமும் பின்னால் மலையும். கான்ட்ராக்டை நீட்டித்துவிட்டார்கள், லீவு இல்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மெசேஜ். நெய்வேலியில் கான்ட்ராக்ட் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் எத்தனை வருடம் இழுத்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவள் அந்த மெசேஜ்களைத் தினமும் படிப்பாள். முதல் பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தவள் உடம்பு தேறினாள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

பக்கத்து க்வார்ட்டர்ஸில் ஹிதாயத்துல்லா பாய் குடும்பம். அவர் மகன் ஹாமித் நிஜமாகவே கப்பலில் வேலை பார்க்கிறவன். போன ஜூன் மாதம் லீவில் வந்திருந்தான். அந்த மாதக் கடைசியில் எனக்கு ரிடையர்மென்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பின்பக்கத்துப் பலாவில் பறித்த பழத்தை அறுத்துவிட்டு, பெரியநாயகி அவர்களைக் கூப்பிட்டிருந்தாள். ஹாமித்தும் அவன் அம்மா சித்தீகாவும் வந்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெரியநாயகி பெருமையாகப் போனை நீட்டினாள்.

"இந்த வாரம் செகண்ட் ஷிப்டாம். அடுத்த வாரம் நைட்டாம். தூக்கமே இருக்காது பாவம்."

ஹாமித் படித்துவிட்டுச் சிரித்தான். "ஆன்ட்டி, கப்பல்ல ஏது வாராவாரம் ஷிப்ட் மாத்துறது? நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ரெஸ்ட். ஏறுன அன்னிக்கு எந்த நேரம் குடுத்தாங்களோ எறங்குற வரைக்கும் அதான்."

"இதுல போட்டுருக்கானேப்பா."

"வியாழக்கெழம வீக்லி ஆஃப்னு வேற போட்டுருக்கான். நடுக்கடல்ல ஆஃப் எடுத்துக்கினு எங்க போவான், பஜாருக்கா?"

"சும்மா இருடா," என்றாள் சித்தீகா. "பெத்தவளுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கும் புள்ள. நீ ஒருநாளாவது எனக்கு இப்டி வெவரமா எழுதியிருக்கியா?"

நான் பேப்பரைத் தாழ்த்தி, "கப்பலுக்குக் கப்பல் மாறும் தம்பி," என்றேன்.

"மாறும் அங்கிள். அதுக்குன்னு அப்டியே நம்ம மைன்ஸ் மாதிரியா மாறும்?"

எல்லோரும் சிரித்தோம். பெரியநாயகியும் சிரித்தாள். பலாச்சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

ஹாமித் சொன்னது சரி. அது என் தவறு. வேலை என்றாலே ஃபர்ஸ்ட், செகண்ட், நைட், அப்புறம் ஒரு ஆஃப் என்றுதான் என் மனசில் ஓடும். உலகத்தில் வேறு மாதிரியும் வேலை செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரவினே எழுதியிருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது. அவன் அதைப் படித்தவன்.

ஆமாம், மெசேஜ்களை நான்தான் எழுதினேன். அவன் போனிலிருந்து. அதன் பூட்டு எண் அவன் அம்மா பிறந்த வருடம், கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மும்பையில் அவனை வேலைக்கு எடுத்தவர்களுக்கு, வர முடியவில்லை என்று முதலிலேயே தெரிவித்துவிட்டேன். போன் என் சாப்பாட்டுப் பையில் அடித்தட்டில் இருக்கும். டூட்டியில் இருக்கும்போது எழுதுவேன். படங்களைத் தேடி எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். எந்த ஊர் என்று யோசிக்காமல் மூன்று தீவுகளின் பெயரை வரைபடத்தில் பார்த்துப் போட்டேன். அவள் ஒருநாள் அங்கே போகக் கேட்பாள் என்று யார் நினைத்தது?

பலாப்பழம் சாப்பிட்ட அடுத்த வாரம் கேட்டாள். ரிடையர் ஆனபின் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் வீடு பார்த்து வைத்திருந்தேன். அவள் வர மறுத்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சது இந்த வூடுதாங்க. அவனப் பாக்காம நான் காலி பண்ண மாட்டேன்."

"நடுக்கடல்ல இருக்கறவன எப்டிப் பாக்கறது?"

"அவன் போன எடத்துக்கு என்ன இட்டுக்கினு போங்க. மூணு எடமும். ஒரே கப்பல்ல. அவன் போன மாதிரியே."

அப்படி ஒரு கப்பல் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. தேடினேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். விசாரிக்க உங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் ஒருவர் வந்தார். பெரியநாயகி மோர் கொடுத்தாள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மகனைப் பார்க்க என்றேன்.

கப்பலில் அவள் சிரமம் கொடுக்கவில்லை. தயிர் சாதமும் பழமும் சாப்பிட்டாள். மாலேயில் கப்பல் நின்றதும் மேல்தளத்துக்கு வந்து, என் பக்கத்தில் நின்றபடி போனை எடுத்து மெதுவாகத் தட்டினாள். மாலேக்கு வந்துட்டோம், நீ எங்கப்பா இருக்க. நான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன். பிரவினிடமிருந்து பதில் வந்திருந்தது. போன வாரம்தான் கெளம்புனேம்மா, கொஞ்சத்துல தப்பிப் போச்சு. அவள் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

விக்டோரியாவில் இறங்கி நடந்தோம். காலையிலேயே மெசேஜ் அனுப்பிவிட்டாள். அன்று முழுக்க என் கையை விடவில்லை சார். மணிக்கூண்டு வரைக்கும், மீன் மார்க்கெட் வரைக்கும், திரும்பிக் கப்பல் ஏறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் அப்படிக் கைபிடித்து நடந்தது கிடையாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று பிரவினிடமிருந்து பதில் வரவில்லை.

போர்ட் லூயிஸில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். பின்னால் மலை, நான் அனுப்பிய படத்தில் இருந்தது போலவே இருந்தது. அவள் போனில் எதையோ எழுதி அனுப்பினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போய்ட்டு வாங்க. ரொம்ப நேரமா அடக்கிக்கினு இருக்கீங்க."

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் போனேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தேன். அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். பிரவினு, அம்மா கடைசி எடத்துக்கும் வந்துட்டேன். பதில் போடாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், ஏமாற்ற மனசு வரவில்லை. அடுத்த வருஷம் கண்டிப்பா வரேம்மா என்று போட்டேன்.

வெளியே வந்தபோது போன் அவள் மடியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் படிக்கவில்லை. சத்தம் வந்ததே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"அன்னிக்கு உங்களுக்கு எந்த ஷிப்ட்?" என்றாள்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. செகண்ட் ஷிப்ட் என்றேன்.

"நாந்தான் அனுப்புனேன். உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடான்னு."

அதற்குப் பிறகு விமானத்திலும் சரி, சென்னையிலிருந்து பஸ்ஸிலும் சரி, அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த மூன்றாம் நாள் உங்களிடம் வந்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை பிரவின் நேராக ஸ்ப்ரெடருக்கே வந்தான். சுரங்கத்துக்குள் நுழைகிற அவனுடைய பாஸ் அன்று வரைக்கும் செல்லும். தோளில் பை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். பெல்ட் எதற்கோ நின்றிருந்தது, கூட இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் இறங்கி வந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் நின்று பேசினோம். நாளை முதல் வரமாட்டேன் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். பதினான்கு வருடம் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று கேட்டேன். அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்மேல் இரக்கப்பட்டான்.

"நீ வாழ்நாள் பூரா மண்ண கொட்டிக்கினு இருந்துட்டப்பா. நான் போய்த் தண்ணியப் பாத்துட்டு வரேன்."

பையைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தொடக் குனிந்தான். தவறி விழுந்தான் என்று நேற்று உங்கள் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அது சரியில்லை. தள்ளினேன். இரண்டு கையாலும்.

கீழே விழுந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கால்தான் மடங்கிக் கிடந்தது. மேலே பார்த்து "ப்பா" என்றான். அப்போது ஹூட்டர் அடித்தது. பெல்ட் ஓடத் தொடங்கும் முன் எல்லோரும் விலகிக்கொள்வதற்காக அடிப்பது. நான் கேபினுக்கு ஏறிப் போய் உட்கார்ந்தேன். நிறுத்தும் பட்டன் என் வலது கைக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்தது. மண் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரம் பூராவும் அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தூக்கிவிட்டால் அவன் அம்மாவிடம் என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு மண் வந்தது. நான் எந்த இடத்தில் கொட்ட வேண்டுமோ அங்கே கொட்டினேன். பையையும் போட்டேன், போனை எடுத்துக்கொண்டு. டீ குடித்துவிட்டு வந்தவர், உன் பையன் வந்தானாமே என்று கேட்டார். சொல்லிக்கொண்டு போய்விட்டான் என்றேன். ஷிப்ட் முடிகிற வரைக்கும் இயந்திரம் நிற்கவில்லை.

இடத்தைக் காட்டுகிறேன். இப்போது அங்கே மரக்கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. எத்தனை மீட்டர் ஆழம் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதியதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. மேசையில் பிரவினுடைய போனை வைத்திருக்கிறீர்கள். அதை ஐந்து நிமிடம் கொடுங்கள். அவள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள், சாப்பிடுவதில்லை என்று சித்தீகா சொன்னார்களாம். நான் சொன்னால் கேட்க மாட்டாள். அம்மா, சாப்பிடு, அப்பாமேல கோவப்படாத என்று அவன் ஒரு வரி எழுதினால் போதும். அவன் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை.