அதிகாரி வருமுன் பிரிக்க வேண்டிய கூரை

— கூரையப் பிரிக்கணுமா? ஏங்கய்யா, அதைத்தான் புயலே வந்து பிரிச்சுப்புட்டுப் போயிப் பத்து நாளாச்சே. இது நான் புதுசா வேஞ்சதுல்ல?

— அதுதான் தப்பு, பொன்னுத்தாயி. உன்னைய யாரு இம்புட்டு அவசரமா வேயச் சொன்னது? மதுரையிலருந்து புயல் நிவாரண அதிகாரி இன்னைக்குப் பத்தரைக்கு வாராரு. தெருமுனையில ஜீப்பை விட்டு எறங்குனா மொதல்ல கண்ணுல படுறது உன் வீடு. அது புதுக் கீத்தும் புதுக் கயிறுமா கல்யாணப் பந்தல் மாதிரி நிக்குது. ‘இங்க என்னய்யா சேதம்?’னு அவரு கேட்டா, இந்த உடையப்பன் மூஞ்சிய எங்குட்டுக் கொண்டுபோயி வச்சுக்குவான்?

— கவுன்சிலரய்யா மூஞ்சிக்கு என் கூரைதானா கெடைச்சுச்சு?

— மாயக்கண்ணா, நகராட்சிப் பியூன்னு எதுக்கு உன்னைய இழுத்துக்கிட்டு வந்தேன்? வாயத் தெறந்து சொல்லு. அந்த அறிக்கைய எடுத்து வாசி. அவளுக்குப் பாயிண்ட்டு புரியட்டும்.

— கடுதாசிப்படி பாத்தாக்க, அக்கா, ‘எட்டாவது வார்டில் இருபத்தேழு குடிசைகள் அடியோடு நாசம்’னு இருக்கு. நேத்து நேர்ல வந்து எண்ணுனேன். ஒண்ணுகூட நாசமா இல்ல. அம்புட்டுப் பேரும் கட்டிக்கிட்டாக. கடுதாசிப்படி அது பெரிய தப்பு.

— ஆத்தாடி! மழையில நனையாம படுத்திருக்கிறது கடுதாசிப்படி தப்பாக்கும்.

— பாயிண்ட்டைப் பிடி, பொன்னுத்தாயி. இருபத்தேழும் வேண்டாம். முன்வரிசையில நாலு வீடு போதும். தங்கச்சாமி காலையிலயே பிரிச்சுட்டான். செம்மலையும் பிரிச்சுட்டான். ஒரு முணுமுணுப்பு இல்ல. அங்குட்டுப் பாரு, கோட்டைச்சாமி ஏணி போட்டுத் தானே ஏறிட்டான். அதெல்லாம் நாட்டுப்பற்று. உன் வீடு ஒண்ணுதான் பாக்கி. ஜீப்பு அங்குட்டுத் திரும்புச்சோ இல்லையோ, நீ மறுபடி வேஞ்சுக்க. யாரு கேக்கப்போறா?

— எதை வச்சு வேய்வேன்? புயலுக்கு முன்னாடி கீத்து வித்த வெலையென்ன, இப்ப விக்கிற வெலையென்ன? கல்லல் ஊருலருந்து வண்டிக்காரன் ஒருத்தன் கொண்டாந்தான். தங்கத்தை எடை போடுற மாதிரி ஒவ்வொண்ணா எண்ணித் தாரான். என் காதைப் பாருங்க, ஈர்க்குச்சி தெரியுதா? தோடு போயித்தான் கூரை வந்துச்சு. பிரிச்சாப் பாதி ஒடிஞ்சுபோகும். அது போகட்டும். எம் மக பொன்னழகுக்கு நெறமாசம். விடியக்காலத்துலருந்து விட்டு விட்டு இடுப்பு வலி. வானம் வேற இன்னும் கறுத்துக்கிட்டே கெடக்கு. பொறக்குற புள்ள மொதமொதக் கண்ணத் தெறந்து பொத்தலான மேகத்தையா பாக்கணும்?

— ஒரு மணி நேரந்தானே? பிரசவம் என்ன, சரியாப் பத்தரைக்குத்தானா பாத்து வரும்?

— அதிகாரிகளே பத்தரைக்கு வாரதில்ல, புள்ளைக்கு என்னத்துக்கு அந்த வழக்கம்? சரி, நின்னுக்கிட்டே பேசுறீகளே, உக்காருங்கய்யா. மாயக்கண்ணுத் தம்பி, அந்தத் தட்டை அய்யாகிட்ட நகட்டு. சூடா இருக்கு.

— என்னது இது, பணியாரமா? கோலிக்குண்டு மாதிரியில்ல இருக்கு?

— உங்க தீர்மானத்துக்குத் தக்கன சுட்டது. வெலவாசி ஏறிப்போச்சுன்னு மன்றத்துல ரெண்டு நாள் தொண்டை கிழியப் பேசுனீகள்ல? கடைசியில ‘அஞ்சு பைசாவுக்கு ரெண்டு பணியாரம், அதுக்கு மேல வித்தா அபராதம்’னு எஞ்சட்டிக்கு நேரா ஒரு பலகைய மாட்டிவிட்டீக. ரூவாய்க்கு முக்காப்படி அரிசி தர கடைக்காரன் மூக்கால அழுகுறான். நான் என்ன செய்யட்டும்? வெலைய நீங்க சுருக்குனீக, மாவை நான் சுருக்குனேன்.

— அரிசிக் கடைக்கும் ஒரு பலகை மாட்டணும்னு நாந்தான் பேசுனேன், தெரியுமா? மினிட்ஸ்ல இருக்கு.

— பேசுனீக, பேசுனீக. கடை சேர்மன் மச்சினனுதுன்னு பக்கத்துல இருந்தவரு காதுல சொல்லவும் உக்காந்துட்டீக. மன்றத்து வாசல்ல அடுப்பு வச்சிருக்கவளுக்கு ஜன்னல் வழியா அது கேக்காதாக்கும்.

— ஜன்னலை அடைக்கச் சொல்லணும். மாயக்கண்ணா, குறிச்சுக்க.

— குறிச்சுக்கிட்டேன்ய்யா. ஜன்னல் கதவு புயல்ல போயிருச்சு. அடைக்கணும்னா நிவாரணத்துலதான் கேக்கணும்.

— அது கெடக்கட்டும். ஏன் தம்பி, ரோட்டோரமா ரெண்டு பக்கமும் கோடு கிழிச்சாப்புல வெள்ளையாக் கெடக்கே, அது என்ன? கோலமாவா?

— ப்ளீச்சிங் பவுடர், அக்கா. கடுதாசிப்படி பொதுச் சுகாதாரம்.

— ஊரணியில புயலுக்கு மறுநாளு ஆடு செத்து மெதந்துச்சு. நாங்க அந்தத் தண்ணியத்தான் வடிகட்டிக் குடிக்கிறோம். அதுல ரெண்டு கை அள்ளிப் போட்டா என்ன?

— ஊரணிக்கு நாலு மூட்டைன்னு கடுதாசியில இருக்கு. ஆனா ஜீப்பு அங்குட்டுப் போகாதே.

— நீ கொஞ்சம் வாய மூடு, மாயக்கண்ணா. பொன்னுத்தாயி, சுகாதாரத்துல இந்த உடையப்பனைக் கொறை சொல்லாத. மேலத்தெருவுல ஏழு பேருக்கு வாந்திபேதின்னதும் அவசரக் கூட்டம் போட்டவன் நான்.

— கூட்டம் போட்டு?

— போட்டு... இந்தா பாரு, நீ பாயிண்ட்டைப் புரிஞ்சுக்கணும். காலரான்னு எழுதுனா சந்தைய மூடணும். சந்தைய மூடுனா குத்தகைதாரர் கோச்சுக்குவாரு. அதனால எல்லாரும் கலந்து பேசி, ஏகமனதா, அஜீரணம்னு எழுதச் சொன்னோம்.

— நாலு நாளா அடுப்பு மூட்டாத வீட்டுல அஜீரணமா! அடேயப்பா, மன்றத்துக்குத்தான் என்ன கற்பனை!

— சிரிக்காத. மணி ஒம்பதே முக்கால் ஆகுது. இன்னும் இளையாத்தங்குடி மேளக்காரவுக வந்து சேரல, மாலை வரல. உன்கிட்ட ஒரு மணி நேரமா வாயடிச்சுக்கிட்டு இருக்கேன். முடிவா என்ன சொல்ற? நிவாரணம் வந்தா இந்த வார்டுக்குத்தானே வருது?

— போன வருஷம் வெள்ளத்துக்கு வந்த தகரமும் இந்த வார்டுக்குத்தான் வந்துச்சு. இன்னைக்கு அது மன்றத்துல சைக்கிள் நிறுத்துற கொட்டகையா நிக்குது. உங்க சைக்கிள் ஒரு சொட்டு நனையல.

— அது பொதுச் சொத்து!

— சரிங்கய்யா, பொதுச் சொத்து. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. கூரையப் பிரிச்சா எம் மக எங்க போயிப் படுப்பா?

— பள்ளிக்கூடத்துல எடம் ஒதுக்கியிருக்கு.

— கடுதாசிப்படி சரிதான்ய்யா, ஆனா பள்ளிக்கூடத்துலதான் வரவேற்பு வளைவுக்கு வாங்கி மிஞ்சுன சவுக்குக் கம்பு, பந்தல் துணி, வாடகை நாற்காலி எல்லாம் அடுக்கியிருக்கு. பூட்டிச் சாவி சேர்மன் வீட்டுல.

— அப்ப வேற ஏற்பாடு இருக்கு. அதெல்லாம் அறிக்கையில எழுதிக் குடுத்தாச்சு. நீ ஒண்ணும் கவலைப்படாத.

— என்ன ஏற்பாடுன்னு கேட்டுக்கிறேனே. வாசி தம்பி, நல்லாச் சத்தமா வாசி.

— ‘எட்டாவது வார்டு உறுப்பினர் திரு. உடையப்பன் அவர்கள், புயலால் வீடிழந்த கர்ப்பிணிப் பெண்கள், கைக்குழந்தைகள் உள்ளிட்ட பதினொரு பேருக்குத் தமது சொந்த இல்லத்திலேயே இடமளித்து, தம் குடும்பத்தினரைப் போலவே பராமரித்து வருகிறார்.’

— கேக்கவே மனசு குளுந்து போச்சு. யாருங்கய்யா அந்தப் பதினொண்ணும்?

— எழுத்துல இருக்காக.

— அப்ப அதிகாரி அவுகளப் பாக்கணும்னா?

— அதெல்லாம் பாக்கமாட்டாரு. மத்தியானச் சாப்பாடே நம்ம வீட்டுலதான். எம் பொண்டாட்டி முத்தழகு ரெண்டு நாட்டுக்கோழி அறுத்துக் கொழம்பு வைக்கிறா. கோழிக்கொழம்பு தின்னவன் எவனாச்சும் கேள்வி கேட்டுருக்கானா?

— முத்தழகக்காவுக்கு இந்த அறிக்கை விசயம் தெரியுமா?

— அவகிட்ட ஆபீஸ் விசயத்தை எல்லாம் எதுக்குச் சொல்றது?

— நாயந்தான். சரிங்கய்யா, பிரிச்சுக்கங்க.

— என்ன?

— கூரைய. தாராளமாப் பிரிங்க. ஆள வரச் சொல்லுங்க.

— நெசமாத்தான் சொல்றியா? இம்புட்டு நேரம் ஒத்தக் கால்ல நின்ன?

— மன்றத்துல ஏகமனதா முடிவு பண்ணுன பின்னாடி நான் ஒருத்தி எதுக்குக் குறுக்க நிக்கணும்?

— அதுதான் எட்டாவது வார்டுப் பொம்பள! மாயக்கண்ணா, கோட்டைச்சாமிய ஏணியோட இங்குட்டு வரச் சொல்லு... இரு, இரு. அது என்ன சத்தம்?

— குலவைங்கய்யா.

— அய்யய்யோ, ஜீப்பு வந்துருச்சு! ஜீப்பைக் கண்டதும் குலவை போடுங்கன்னு வளைவுக்கிட்ட எட்டுப் பொம்பளைகள நிறுத்தி வச்சிருந்தேன். இன்னும் மணி பத்துகூட ஆகலையே! எந்த ஊரு அதிகாரிய்யா இவரு? ஓடு மாயக்கண்ணா, உள்ள போயிப் பொன்னழகக் கைத்தாங்கலா வெளிய கூட்டியா. நான் ஒரு பக்கத்துக் கீத்தையாவது இழுத்துப் போடுறேன்!

— அய்யா.

— என்னடா?

— குலவை வளைவுப் பக்கத்துலருந்து வரல. உங்க வீட்டுப் பக்கத்துலருந்து வருது. இங்க உள்ள யாருமே இல்லைய்யா. பாய்கூட இல்ல.

— பொன்னுத்தாயி! எங்க உம் மக?

— கடுதாசியில இருக்க எடத்துலதான். நேத்துப் பணியாரம் தின்னுக்கிட்டே தம்பி இதை ஒருதரம் வாசிச்சுக் காமிச்சுச்சு. நான் நேராப் போயி முத்தழகக்காகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். ‘எம் புருசனுக்கு இம்புட்டு ஈர மனசா, ஒரு வார்த்தை சொல்லலையே’ன்னு அக்கா கண்ணத் தொடைச்சுக்கிட்டாக. காலையில நீங்க இங்குட்டு வாசல்ல வந்து உக்காந்ததும், அங்குட்டுக் கொல்லை வழியா மருத்துவச்சி அக்கம்மா பொன்னழகக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

— என் வீட்டுலயா?

— தங்கச்சாமியும் செம்மலையும் ஒரு முணுமுணுப்பு இல்லாம எதுக்குப் பிரிச்சாகன்னு நெனைச்சீக? நாட்டுப்பற்றா? அவுக வீட்டுப் பொம்பளை புள்ளைகளும் அங்கதான் இருக்கு. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு சரியா வருது. நாளைக்கு உங்க அறிக்கையில ஒருத்தன் பொய்யின்னு சொல்லிறக் கூடாதுல்ல?

— டேய் கோட்டைச்சாமி! எறங்குடா ஏணியிலருந்து! பிரிச்ச கீத்தை எல்லாம் திரும்பக் கட்டுங்கடா! பொன்னுத்தாயி, உன் கூரைய எவனும் தொடமாட்டான், நான் தொடவிடமாட்டேன். சாப்பாட்டுக்கு வார அதிகாரிகிட்ட அவுக தகரம், காலரான்னு வாயத் தெறந்தா எங் கதி என்னாகும்? அவரு வாரதுக்குள்ள அம்புட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு வந்துரு, புண்ணியமாப் போகும். மொதல்ல உம் மகளக் கூட்டியா!

— எப்படிங்கய்யா கூட்டியாறது? குலவை கேட்டுச்சுல்ல, உங்க வீட்டுல புள்ள பொறந்துருச்சு. பதினாறு நாள் கழியாம தாயையும் புள்ளையையும் முத்தழகக்கா வாசப்படி தாண்ட விடமாட்டாக. நீங்க பதறாம, நிதானமாவே பிரிங்க.