நம்பும்படி ஒரு சாவு

தியேட்டரில் நான் எதையும் தின்பதில்லை சார். பக்கத்து சீட்டுக்காரர் சோளப்பொரியை வாய் நிறையப் போட்டு மென்றுகொண்டே, திரையில் ஒரு தாய் மகனைப் பறிகொடுப்பதைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். அழுகையும் எச்சிலும் வெண்ணெய் வாடையுமாக என் தோள் பக்கம் வந்து மோதும். எத்தனையோ வருடமாக இதற்கு நடுவில் உட்கார்ந்துதான் விமர்சனம் எழுதி வந்திருக்கிறேன். நீங்களும் என் பத்தியைப் படித்திருப்பதாகச் சொன்னீர்கள். அதனால் என்னைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையிருக்காது.

பெரிய படங்களைக் கிழிக்கிறவன், சின்னப் படங்களைத் தூக்கிவிடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது சரியில்லை. இரண்டுமே எனக்குக் குமட்டும். பெரிய படத்தில் நாயகன் மார்பில் குண்டு வாங்கிக்கொண்டு நண்பன் மடியில் படுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பான். உதட்டோரம் வழிவது ஜாம் மாதிரி இருக்கும். சின்னப் படக்காரனுக்கு ஜாம் வாங்கவும் வழியில்லை. அதனால் ஆள் சாகும்போது கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவான். திரைச்சீலை ஆடும். ஒரு காலி நாற்காலி தெரியும். விழாக்களில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஒன்று பணக்காரப் பொய், மற்றது ஏழைப் பொய். மனுஷன் சாவதை உள்ளபடி காட்ட இவர்களில் ஒருவனுக்கும் தெம்பில்லை என்று எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

மாமியார் போன பிறகு மாமனார் எங்களோடு வந்து தங்கினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இதயம் பழுதாகியிருந்தது. பின்னறையை ஒழித்துக் கொடுத்தோம். பகல் முழுக்க டிவியில் படம் ஓடும். யாராவது செத்தால் போதும், துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு அதே துண்டால் கண்ணையும் துடைத்துக்கொள்வார். பிஸ்கட்டை டீயில் முக்குவார். அது உடைந்து உள்ளே விழும். விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டேன். ஆனால் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு என்மேல் பிரியம்தான். வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்: "மாப்பிள்ளை எழுதுறதைப் படிக்காம நான் எந்தப் படமும் பாக்கறதில்ல. அவர் காறித் துப்பியிருந்தாருன்னா கண்ணை மூடிக்கிட்டு டிக்கெட் எடுக்கலாம். ஏமாத்தவே ஏமாத்தாது."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சின்னவன் என்று நாங்கள் கூப்பிடுவது என் மனைவியின் தம்பியை. அவன்தான் எங்கள் குடும்பத்துச் சின்னப் படக்காரன். அவனுடைய முதல் படத்தை, உறவு என்று பாராமல், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதினேன். பையன் முகம் கோணவில்லை. அடுத்ததாக ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அத்தான், அப்பாவை வச்சு ஒரு படம் எடுக்கப்போறேன். நீங்க அப்பப்பப் பாத்துச் சொல்லணும்" என்றான்.

மாதக்கணக்கில் எடுத்தான். அப்பா சவரம் செய்துகொள்வது, கண்ணாடியைத் தேடுவது, பாதி மாடியில் லிஃப்ட் நின்றுபோய் ஒரு கல்யாண மாப்பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குவது. பார்த்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படம் உருப்படும்போல் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவன் யோசித்து வைத்திருந்த முடிவைச் சொன்னான். ஒரு காலி நாற்காலி.

"நாற்காலி வேண்டாம்டா."

"வேற என்னத்த அத்தான் காட்டுறது?"

"காத்திரு. முடிவு தானா வரும். வரும்போது கேமரா ஓடிக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அப்பா சாகறதையா எடுக்கச் சொல்றீங்க? அப்படி ஒரு படம் எனக்கு வேணாம்" என்று எழுந்து போய்விட்டான். நான் கோபப்படவில்லை. மென்மையான ஆட்கள் சரியான நேரத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது பக்கத்தில் ஒருவர் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

அன்று பிற்பகல் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்க, சின்னவன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி அதை எடுத்துக்கொண்டிருந்தான். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். நகவெட்டி நழுவிக் கீழே விழுந்தது. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது.

இப்படி வந்தால் என்ன செய்வது என்று மனைவி எங்களுக்குப் பாடமே எடுத்திருந்தாள். ஜன்னல் திட்டில் ஒரு சின்ன டப்பா. அதிலிருந்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சின்னவன் ஜன்னலுக்கு ஓடினான்.

"அத்தான், டப்பாவைக் காணோம்."

"சமையல்கட்டு அலமாரியில இருக்கும், நல்லாத் தேடு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

அவன் காதில் விழும்படி போனை வைத்துக்கொண்டு விலாசம் சொன்னேன். தெரு, மாடி, எந்தக் கதவு என்று எல்லாம் தெளிவாக. பிறகு கேமராவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபிரேம் லேசாகச் சாய்ந்திருந்தது. நேராக்கினேன்.

என் போனை நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டீர்கள். அன்று பிற்பகல் அதிலிருந்து எந்த அழைப்பும் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். டப்பா என் சட்டைப் பையில் இருந்ததும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். சின்னவன் கேமராவோடு வருகிற நாளெல்லாம் காலையில் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். அவன் போனதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒரு நாளும் மறந்ததில்லை.

நான் நினைத்திருந்தது வேறு. உள்ளபடியான சாவுக்கு ஒரு கம்பீரம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒன்றுமில்லை. படுக்கை நனைந்தது. குடித்த டீ திரும்பி வந்து மார்பில் வழிந்தது. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய் மாதிரி தொண்டை கொப்பளித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், பார்வையை மட்டும் விலக்கவில்லை.

சின்னவன்தான் கெடுத்தான். வெறுங்கையோடு திரும்பி வந்தவன் ஒரே தாவலில் கட்டிலில் ஏறி, அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவன் முதுகு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. மாமா அவன் கன்னத்தைத் தடவி, "படம் நல்லா வரும்டா, பயப்படாத" என்றார். தலை சாய்ந்தது. நீங்கள் இங்கே அந்தப் பதிவைப் போட்டபோது உங்கள் காவலர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விமர்சகனாகச் சொல்கிறேன், அந்தச் சாவு எனக்கு நம்பும்படி இல்லை.

சின்னவன் போன் போட்டதில் மனைவி ஓடி வந்தாள். "ஆம்புலன்ஸ் எங்கே?" என்றாள். டிராஃபிக்காக இருக்கும் என்றேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் போனில் கூப்பிட்டாள். பின் தெருவிலிருந்து வண்டி உடனே வந்து நின்றது.

வந்தவர் நாடி பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

"அப்பவே கூப்பிட்டோமே" என்றான் சின்னவன்.

"இல்லைங்க, இந்த வீட்டுலேருந்து இப்பதான் முதல் போன்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். ஆறுதலாக அவள் தோளில் கை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள். டப்பா துருத்திக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்தாள். அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தாள்.

நேற்று என்னைப் பார்க்க வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள், நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்பா என்னைக் கேட்டாரா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "அவருக்கு நினைவே இல்ல. வலியும் தெரிஞ்சிருக்காது."

சின்னவன் அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் என்னைப் பார்த்து, "பாப்பாவைக் கூப்பிடுங்க மாப்பிள்ளை, பாப்பாவைக் கூப்பிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார். பதிவில் அது நன்றாகவே கேட்கிறது. அவள் வந்து கேட்டாலும் தயவுசெய்து போட்டுக் காட்டாதீர்கள் சார். பெற்ற மகளின் காதில் அதைப் போடுமளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை.