கேப்டனின் துறைமுகம்

எனக்கு விளையாட்டில் பெரிய ஆர்வம் கிடையாது. கேரம் ஆடும்போது எதிராளி சிவப்புக் காயைப் போட்டால் கைதட்டுகிற ஆள் நான். என்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த இணைய விளையாட்டை என் மனைவிக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். நாளெல்லாம் கடையில் நின்று மூக்குக் கண்ணாடி விற்றுவிட்டு வருவாள். வீட்டில் எங்களுக்குள் பேச்சு வற்றிப்போயிருந்தது. பொழுதாவது போகட்டும் என்று நினைத்தேன். முடிவில்லாத ஒரு நிலம். மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், நினைத்ததைக் கட்டலாம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிக்கலாம், எரிக்கலாம். 'என் வம்புக்கு வராதே' என்று ஒதுங்கிக்கொள்ள அங்கே வழியில்லை. விதியே அப்படி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், விளையாட்டில் நான் எதையும் மீறவில்லை.

கொஞ்ச நாளில் அடுத்த அறையிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. 'கேப்டன்' என்ற பெயரில் ஆடுகிற ஒருவரோடு சேர்ந்து ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தாலும் கேப்டன் புராணம்தான். "கேப்டன் கலங்கரை விளக்கத்துக்கு என்ன கலர் அடிச்சிருக்காரு தெரியுமா?" எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான புதிதில்கூட அவள் என்னைப் பற்றி இப்படிக் கண் விரியப் பேசியதில்லை.

நானும் 'நரி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் உள்ளே போனேன். வேலை வண்டியில் உட்கார்ந்தபடியே ஆடுவேன். படகுத்துறையை உடைத்தேன், திரும்பக் கட்டினார்கள். கிடங்கைக் கொளுத்தினேன், இருவரும் சேர்ந்து மதில் எழுப்பினார்கள். நான் அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் நெருங்கினார்கள். ஒருமுறை மதில்மேல் நின்று என்னை அம்பு விட்டு வீழ்த்தியது அவள்தான். "செத்தான் நரி" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தது வண்டியில் இருந்த எனக்கும் கேட்டது; பக்கத்தில் நிற்பவருக்குக் குரல் கேட்கிற வசதி அந்த விளையாட்டில் இருக்கிறது. என்னால் அவள் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பும் கேப்டன் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு அவளே ஒருநாள் கேட்டாள். "கேப்டன் வீட்டு லைன் அடிக்கடி கட் ஆகுதாம். நம்ம ஊருதானாம். நீங்க போய்ப் பாத்துக் குடுங்களேன், பாவம்."

வீடுகளுக்கு இணைய லைன் இழுத்துக் கொடுப்பது என் வேலை. போனேன். கதவைத் திறந்தவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தனியாக இருந்தார். கூடத்தைக் கடப்பதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். "தங்கச்சி உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் தங்கச்சி என்ற சொல் உள்ளே போய்த் தைத்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் புரிகிறது. அத்தோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். காதலன் என்றால் என்றைக்காவது சலித்துப்போவான். அண்ணனை எப்படி விரட்டுவது?

லைனைச் சரியாக்கினேன். அரைகுறையாக வேலை செய்கிற பழக்கம் எனக்கில்லை. அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கிய பொத்தானைத் தூக்கிக் காட்டினார்.

"விழுந்துட்டா இத அமுக்கணும். அக்காவுக்கும் ஆம்புலன்சுக்கும் தகவல் போயிரும். போன் ஒரு ரூம்ல கெடக்கும், நான் ஒரு ரூம்ல கெடப்பேன், அதான். இதுவும் இந்த லைன்லதான ஓடுது?"

"ஆமா."

"லைன் போயிருச்சுன்னா?"

"போகாது. நான் இருக்கேன்ல."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் தெருமுனையில், வீடுகளுக்கு இணைய லைன் பிரிகிற பெட்டியைத் திறந்தேன். கேப்டன் காவலுக்கு இருக்கும்வரை துறைமுகத்தை எரிக்க முடியாது. அவரை வெளியே அனுப்ப எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரே ஒரு வயரைப் பிடுங்கினேன். வண்டிக்குள் உட்கார்ந்து தீ வைத்தேன். அவள் தனியாக ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள். "அண்ணா, எங்க இருக்கீங்க? அண்ணா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கலங்கரை விளக்கம் கடைசியாகச் சரிந்தது.

எரித்து முடித்ததும் வயரைச் செருகிவிடுவதாகத்தான் இருந்தேன். பெட்டியருகே போய்க் கையும் வைத்துவிட்டேன். அப்போது அவளிடமிருந்து நரிக்கு ஒரு செய்தி வந்தது. 'நீங்க யாரு? நாங்க உங்களுக்கு என்ன பண்ணோம்?' அவளாக வந்து என்னைக் கேட்ட கேள்வி. வண்டிக்குத் திரும்பி, நிதானமாகப் பதில் எழுதினேன். அவளும் எழுதினாள். அழுகிறேன் என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். அவ்வளவு நேரம் நாங்கள் பேசி எத்தனை காலமாயிற்று. பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளும் பேசினோம்.

பொத்தானை மறந்துவிட்டேனா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறந்தேன் என்று சொன்னால் எனக்கு நல்லது என்று வக்கீலும் சொன்னார். மறக்கவில்லை. வயரைப் பிடுங்கும்போது நினைவிருந்தது. பெட்டியைப் பூட்டும்போதும் இருந்தது. திங்கட்கிழமை காலை அவருடைய அக்கா போய்ப் பார்த்தபோது குளியலறையில் உயிரில்லாமல் கிடந்தாராம், பொத்தான் கைக்குள் இருந்ததாம். அது வேலை செய்யாது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தேதான் விட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். கேப்டனின் அக்கா தோளில் சாய்ந்து, காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். எனக்காக இப்படிக் காத்துக்கிடக்க வேண்டாம்.