பூட்டில்லாத கதவு

அகலமான கதவு எனக்குப் பிடித்த வேலை இல்லை, ஐயா. முப்பத்தொரு வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். நாலடி அகலத்தில் ஒற்றைக் கதவு வேண்டும் என்று யார் வந்தாலும், இரட்டைக் கதவாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுவேன். மரம் அறுத்த பிறகும் சும்மா இருக்காது. ஈரம் பட்டால் ஊறி உப்பும், வெயில் பட்டால் சுருங்கும். அதனால்தான் சுற்றிலும் சட்டம் பூட்டி, சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, பலகையை அந்தப் பள்ளத்தில் சும்மா செருகி விடுகிறோம். பசை தடவக் கூடாது. பலகை மூச்சுவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடம் விட வேண்டும்.

அம்மாவின் அறைக்கு நான் போட்டது நாலடிக் கதவு. அதில் பூட்டு கிடையாது. தாழ்ப்பாளும் கிடையாது. பெற்ற தாயைப் பூட்டி வைத்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். நீங்களே போய்ப் பாருங்கள். பூட்டு மாட்டிய ஆணித் துவாரம் ஒன்றுகூட இருக்காது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். என் மனைவி ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விட்டாள். அது வேறு கதை. தங்கைக்குக் கல்யாணமாகி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் அம்மா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பெரியவனே, நான் பாப்பா வீட்டுக்குப் போறேன்டா. இனிமே அங்கயே இருந்துக்கறேன்."

"இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. எனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும்."

அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெளிவாக இருக்கிற ஒரு தாய், கூடவே இருக்கிற மகனிடம் அப்படிச் சொல்லுவாளா?

எதிர்ப்பக்கம் கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் போய்ச் சொன்னேன். "அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுங்க. பையத் தூக்கிட்டு வந்தா, கொஞ்சம் திருப்பி அனுப்பிடுங்க." அவர் நல்ல மனுஷர். அடுத்த வாரமே அம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, இவன்தான் பொய் சொல்றான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாளாம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம், நல்லா முத்திப்போச்சு தம்பி" என்றார்.

தங்கைக்குப் போன் செய்து, அம்மாவுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை, வந்தால் மிரண்டுபோவாள், கொஞ்ச நாள் வராதே என்றேன். அழுதாள். அம்மாவின் போனை வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அம்மா மூன்று முறை கிளம்பினாள். பிறகுதான் கதவு வேலையை ஆரம்பித்தேன்.

வீட்டை ஒட்டிய பட்டறையில் சட்டங்களை அடுக்கியிருந்தபோது அம்மா வந்து நின்றாள். அப்பாவும் தச்சர். கல்யாணமான நாளிலிருந்து மரத்தூளுக்கு நடுவில் சமைத்தவள் அவள்.

"யாருக்குடா இவ்வளவு அகலம்?"

"உனக்குத்தாம்மா. நாளைக்குப் படுத்த படுக்கையாயிட்டா, கட்டிலோட வெளிய கொண்டு வரலாம்."

பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "பச்சை மரம்டா இது. மழைக்கு ஊறிக்கும்" என்றாள்.

நான் இழைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு அறைக்கு உள்பக்கமாகத் திறக்கும். வெளியிலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினால் எனக்குத் திறந்துவிடும். உள்ளே இருந்து இழுக்க வேண்டும். உள்பக்கம் கைப்பிடி வைக்கவில்லை. அறையில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், காற்றுக்கு. அம்மா கூப்பிடுவாள். முதல் வாரம் தெருக்காரர்கள் நின்று கேட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது.

வேறு ஊரில் ஒரு புது வீட்டுக்குக் கதவு மாட்டும் வேலை வந்தது. இரண்டு நாள். இரண்டு நாளைக்குச் சாப்பாடும் ஒரு சின்னக் குடத்தில் தண்ணீரும் உள்ளே வைத்துவிட்டுப் போனேன். அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் தையல்காரர் போன் செய்தார். "தம்பி, அம்மா ரொம்பக் கத்துறாங்க. பட்டறை வழியா வந்து தள்ளிப் பாத்தேன், கதவு அசையவே மாட்டேங்குது."

"அது அப்படித்தாங்க இருக்கும். நீங்க சிரமப்படாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன்."

மூன்றாம் நாள் காலையில் வேலை முடிந்தது. பஸ்ஸும் ஓடியது. நான் கிளம்பவில்லை. நான் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அம்மா ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. கோபமெல்லாம் இல்லை. அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷர், இருந்து போங்கள் என்றார். நாலாம் நாள் தையல்காரர் மறுபடி பேசினார். "சத்தம் நின்னுடுச்சு தம்பி. தூங்குறாங்க போல." நல்லது என்றேன். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் வந்து தள்ளினேன். ஏழு தள்ளு. கடைசி மூன்றில் தையல்காரரும் தோள் கொடுத்தார். அம்மா கதவுக்குப் பின்னாலேயே கிடந்தாள். கையில் கரண்டி இருந்தது. குடம் காலி.

தையல்காரர் அம்மாவைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். தொழில் பழக்கம். புத்தி தடுமாறினவர்கள் கதவை நடுவில் குத்துவார்கள், ஐயா. அம்மா அப்படிச் செய்யவில்லை. கீழ்ப்பலகையின் ஓரத்தை, காடியை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கரண்டியால் சீராகச் சுரண்டியிருந்தாள். அங்கேதான் பலகை மெலிந்திருக்கும். அங்கே சுரண்டினால் தளர்ந்து கழன்று வந்துவிடும். எந்தத் தச்சனும் அதைத்தான் செய்திருப்பான்.

கழன்று வரவில்லை. காடி முழுக்கப் பசை ஊற்றியிருந்தேன். ஒரு நூல்கூட இடம் விடவில்லை. வெளிப்பக்கம் அதே அளவில் இரண்டாவது பலகை வைத்து அடைத்திருந்தேன். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் காகிதம் நுழையாது. மழைக்காலம் வருகிறது என்று தெரிந்தேதான் பச்சை மரமாகப் பார்த்து எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கை தவறிச் செய்தது எதுவும் அதில் இல்லை. சாக வேண்டும் என்று செய்யவில்லை. போகக் கூடாது என்று செய்தேன்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் தங்கை குழந்தையோடு வந்து நின்றாள். "அம்மாவுக்கு என்னை நிஜமாவே தெரியலையாண்ணா?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அவளுக்கு அதுதான் ஆறுதல் என்று நினைத்தேன். இப்போது நான் சொன்னதையெல்லாம் நீங்கள் அவளுக்குப் படித்துக் காட்டுவீர்கள். காட்டுங்கள். அழுவாள். என்மேல் கோபப்படுவாள். ஆனால் ஒரு விஷயத்தை அவளால் இல்லை என்று சொல்ல முடியாது, ஐயா. அம்மா கடைசிவரைக்கும் என்னோடுதான் இருந்தாள்.