ஜார்ஜியாவுக்கு இடமில்லை

பம்மலிலிருந்து தாம்பரம் வரும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பள்ளி ஆசிரியர்கள். கழுத்தில் விசில் தொங்கியவர்தான் ஆரம்பித்தார்.

"ஐரோப்பால ஆறு நாடு வருஷா வருஷம் ரக்பி ஆடுது மச்சான். கடைசியா வந்தாலும் எவனையும் வெளிய அனுப்ப மாட்டாங்க."

"அப்போ கீழ் டிவிஷன்ல ஜெயிக்கிறவன்?"

"ஜார்ஜியா. பல வருஷமா ஜெயிச்சிகினே இருக்கான், இன்னும் உள்ள விடல."

கண்ணாடி போட்டவர் சிரித்தார். "அவனுக்காக நீ ஏன் பேஜார் ஆவற?"

"பதினோரு வருஷமா நான் டெம்பரரி பி.டி. மாஸ்டர். என் பசங்க மூணு தடவை மாவட்டக் கப்பு வாங்கினாங்க. இப்போ போஸ்ட் பர்மனன்ட் ஆனதும் தாளாளர் மருமகனுக்குக் கொடுத்துட்டாங்க."

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டியா? நீதானே நம்ம பள்ளிக்குழுல ஆசிரியர் பிரதிநிதி!"

அரசு உதவி பெறும் பள்ளியில் பள்ளிக்குழுவின் தீர்மானம் இல்லாமல் எந்த நியமனமும் செல்லாது. அதில் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. ஜனநாயகத்துக்கு யாரும் குறை வைக்கவில்லை.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க மச்சான்."

"நீ?"

கண்ணாடி போட்டவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "சீனியாரிட்டிப்படி முதல் கையெழுத்தே என்னோடதுதான்."