ஆகாயத்தாமரையும் ஒரு போத்தல் அசிட்டும்

ஆகாயத்தாமரையைப் பின்வளவில் காயப்போட்டால் உடுப்பிலெல்லாம் கால்வாய் மணம் ஏறிவிடும். அதற்காக நான் உடுப்புக் கொடியை முன்பக்கம் மாற்றிக் கட்டினேன். கதிர்காமநாதனுக்கு என் வீட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவன். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம். ஆய்வுகூடம் பூட்டியிருந்ததால், பேராசிரியரிடம் கேட்டு ஒரு தராசும் சில போத்தல்களும் கொண்டுவந்து, என் பின் குசினியிலேயே வேலையைத் தொடங்கினான். கால்வாயில் இறங்கி ஆகாயத்தாமரை பறித்து வருவான். காயவைத்து, மாவாக இடித்து, அசிட்டில் ஊற வைப்பான்.

"அன்ரி, செடிக்குள்ள கோடிக்கணக்கில சின்னச் சின்ன அறையள் இருக்கு. அதின்ர சுவரைத்தான் நான் உடைக்கிறன்."

"உடைச்சு என்ன செய்யப் போறாய், தம்பி?"

"அந்தக் கலச்சுவரில செலுலோசு எண்டு ஒண்டு இருக்கு. அது சீனிதான், சங்கிலி மாதிரிக் கோத்துக் கிடக்கு. லிக்னின்தான் அதை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருக்கிற சீமெந்து. மரத்தில சீமெந்து கூட. இந்தச் சனியனில குறைவு, லேசா விட்டுக் குடுக்கும். சீனியைப் பிரிச்சுப் புளிக்க வைச்சு வடிச்சால் எரிபொருள். பிறகு மண்ணெண்ணெய்க்குக் கியூவில நிக்கத் தேவையில்லை."

"அப்ப என்ர குசினியில கள்ளுத் தவறணை நடத்துறாய் எண்டு சொல்லு."

ஜெகா வாய்விட்டுச் சிரித்தாள். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

ஜெகதீஸ்வரி என் ஒரே பிள்ளை. எண்பத்திமூன்றுக் கலவரத்தன்று வேலைக்குப் போன அவளுடைய அப்பா வீடு திரும்பவில்லை. வாசலுக்கு வந்தவர்களோடு நான் சிங்களத்தில் கதைத்தேன். நான் நுகேகொடையில் பிறந்து வளர்ந்தவள். என் சிங்களத்தில் தமிழ் வாடை இராது. இங்கே தமிழர் யாரும் இல்லை என்றேன். போய்விட்டார்கள். கட்டிலுக்கடியில் கிடந்து அதைக் கேட்ட ஜெகா, பிறகு அந்த மொழியை வாயில் எடுக்கவே இல்லை. கடைக்கும் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூடப் போனேன். அது எனக்கு ஒரு பாரமாக இருந்ததில்லை.

சுவீடனில் படிக்க இடம் கிடைத்ததும் கதிர் மரியாதையாக என்னிடம் வந்து கேட்டான். "ஆவணியில கலியாணத்தை எழுதிப்போட்டு ஜெகாவையும் கூட்டிக்கொண்டு போறன், அன்ரி. நீங்களும் பிறகு வரலாம்தானே." நல்ல பிள்ளை. குடி இல்லை, பொய் இல்லை. மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. சம்மதம் சொல்லி, அன்றைக்கே கேசரி கிண்டினேன். அந்தப் 'பிறகு' மட்டும் நித்திரையில்லாமல் என்னோடு கிடந்தது.

பொலிஸ் வந்தபோது ஜெகா வீட்டில் இல்லை. கிருலப்பனையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒழுங்கை முழுவதும் நடந்த சோதனைதான். சார்ஜன்ட் பின் குசினியில் அசிட் போத்தலைக் கண்டார். கதிருக்குச் சிங்களம் வராது. அவன் பேசிய ஆங்கிலம் சார்ஜன்டுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கே, இவன் என்ன சொல்கிறான்?" என்று என்னிடம் கேட்டார்.

"அன்ரி, நீங்கள் விளங்கப்படுத்துங்கோ," என்றான் கதிர். பிறகு ஆகாயத்தாமரை, சுவர், சீனி, பேராசிரியர் என்று எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னான். அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

நான் சார்ஜன்டிடம் சொன்னேன்: "அது அசிட்டாம். எரிகிற சாமான் ஒன்று செய்கிறானாம்."

அவர் மாவைக் காட்டி, "இது?" என்றார்.

"அதையும் சேர்ப்பானாம்."

கதிர் எனக்கு நன்றியோடு தலையசைத்தான். இவ்வளவையும் சிங்களத்தில் சுருக்கமாகச் சொல்லலாம் போல என்று நினைத்திருப்பான். அவனையும் போத்தல்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், சுவீடன் கைநழுவிப் போகும், பிள்ளை திரும்பி வந்து பின்னறையிலேயே இருப்பான் என்றுதான் நான் நினைத்தேன்.

அவனுடைய தாய் சரோஜினிதேவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். இன்ஸ்பெக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "பேராசிரியர் வந்து, இது படிப்பு வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறேன். இந்தக் கிழமைக்குள் வரட்டும். பிறகு என் கையில் இல்லை," என்றார்.

"என்னவாம், அக்கா?" சரோஜினிதேவி என் கையைப் பிடித்தாள்.

"விசாரிக்கினமாம்."

"நீங்கள் இல்லாட்டி நான் இஞ்ச ஊமையெல்லே, அக்கா."

பேராசிரியரிடம் போகத்தான் வேண்டுமென்று ஜெகா அழுதாள். தானும் வருவதாக நின்றாள். வழியெல்லாம் சோதனை, நான் மட்டும் போகிறேன் என்று நுகேகொடையில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். கேற்றடியில் என்னைக் கண்டு எழுந்து வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று அன்பாகக் கேட்டார்.

வீடு மாறி வந்துவிட்டேன் என்றேன்.

திரும்பும் வழியில் சந்தையில் ஜெகாவுக்கு மங்குஸ்தான் வாங்கினேன். "அவர் பயப்பிடுறார், பிள்ளை. தன்ர பேரை இழுக்க வேண்டாமாம்," என்று அவளிடம் சொன்னேன். யார்தான் பயப்படாத காலம் அது. அவள் நம்பினாள். மங்குஸ்தானைத் தொடவில்லை.

கிழமை முடிந்ததும் கதிரை வேறெங்கோ கொண்டுபோனார்கள். அதன் பிறகு எந்த இடத்திலும் அவன் பெயர் இல்லை. சரோஜினிதேவியை நான் எல்லா வாசலுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை என்று அவர்கள் சொன்னதை, இல்லை என்றே தமிழில் சொன்னேன். அதில் ஒன்றையும் நான் குறைக்கவில்லை.

கதிரை நான்தான் கொடுத்தேன். முதலில் வாயைத் திறந்து, பிறகு வாயைத் திறக்காமல். அவனை மீட்க ஒரு கிழமை இருந்தது. அதுவும் என் கையில்தான் இருந்தது.

ஜெகா என்னோடுதான் இருக்கிறாள். நான் சமைப்பதைச் சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு சிங்கள வகுப்பில் சேர்ந்தாள். நேற்றுப் பின்னேரம் கொப்பியோடு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, அந்த இன்ஸ்பெக்டர் இப்ப கொம்பனித்தெருப் பக்கம் இருக்கிறாராம். 'அண்டைக்கு என்ர அம்மாட்ட என்ன சொன்னனீங்கள்' எண்டு சிங்களத்தில எப்பிடிக் கேக்கிறது?"

"உன்ர உச்சரிப்பு இன்னும் சரிவரேல்லை, பிள்ளை," என்றேன். "தனியப் போகாதை. நானும் வாறன்."

அவளுக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.